பிரதேச விமானசேவையில் விமானியாதல் தகுமோ?

கல்லூரியொன்று விழாக் கொண்டாடுங் காலத்து, அதன் மைந்தர் எவ்வெத் துறைகளிற் புகுந்து விளங்கினர் என எண்ணிப் பார்த்தல் மரபு. வைத்தியர் இத்தனை பேர், பொறியியலாளர் இத்தனை பேர், சட்டவறிஞர், கணக்காளர், ஆசிரியர் இத்தனை பேர் எனத் தொகை கூறி மகிழ்கின்றோம். அது நன்றே. ஆயினும், இனிமேல் வெளிச்செல்லும் மாணவர் புகவிருக்குந் துறைகளைப் பற்றிச் சிந்தித்தலும் விழா மலரொன்றின் கடமையேயாம். அத்தகைய துறைகளுள் ஒன்று விமானியின் தொழில். உயர்தர வகுப்பிலே கணிதமும் பௌதிகமும் கற்கும் மாணவருட் சிலர் இன்று அத்தொழிலை நாடுகின்றனர். அவர்தம் பெற்றோர், பெருமிதம் ஒரு புறமும் அச்சம் ஒரு புறமும் இழுக்கத் தடுமாறுகின்றனர்.

விமானியாகலாமா என்பது இங்கு நாம் ஆராயும் வினாவன்று. அதனினும் நுண்ணியதும், பெரும்பாலாரால் எண்ணப்படாததுமான வினா ஒன்று உண்டு. விமானத்துறையிற் புகும் இளைஞர் பலருக்கு முதலில் திறக்குங் கதவு பெருவிமானசேவையின் கதவன்று. எழுபது எண்பது பேரை ஏற்றிக்கொண்டு அண்மை நகரங்களுக்கிடையே பறக்குஞ் சிறு விமானங்களையுடைய பிரதேச விமானசேவையின் கதவேயாம். அக்கதவினூடே புகலாமா? புகுவதாயின் என்ன எண்ணத்தோடு புகவேண்டும்? இதுவே வினா.

இவ்வகைப் பறப்பு யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1947 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10 ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனம் தன் முதற் பயணத்தைத் தொடங்கியபோது, அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கியே சென்னைக்குச் சென்றது. பன்னெடுங் காலத்தின் பின், 2019 ஒக்டோபர் 17 ஆந் திகதி பலாலி சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அங்கு வந்திறங்கியது, இந்தியாவின் பிரதேச விமானசேவையாகிய எலயன்ஸ் எயரின் ஏ.ரி.ஆர். 72 விமானமே. இரண்டு சுழல்விசிறிகளும் ஏறக்குறைய எழுபது இருக்கைகளும் உடையது அது. 2020 இல் நோய்த்தொற்றினால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டுந் தொடங்கிற்று. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் அதே வகை விமானத்தோடு வந்தது. அவ்விமானத்தைக் கண்ணாற் கண்ட மாணவனுக்கு அதன் முன்னறையில் அமரும் ஆசை பிறத்தல் இயல்பே. கடல் கடந்து கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கோ, அவ்வந் நாட்டுப் பிரதேச விமானசேவைகள் அண்டையிலுள்ள உத்தியோகக் களங்களாகவே உள்ளன.

இத்துறையின் இயல்பைத் தெளிவாக அறிதற்கு ஐக்கிய அமெரிக்கா தக்க எடுத்துக்காட்டாகும். அந்நாட்டிலேதான் பிரதேச விமானசேவை மிக விரிந்து வளர்ந்தது. அதன் நன்மையும் தீமையும் அங்கேதான் வெளிப்படையாக ஆராயப்பட்டன.

அங்கே டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய பெருநிறுவனங்கள் தம் சிறு வழித்தடங்களைத் தாமே நடத்துவதில்லை. ஸ்கைவெஸ்ட், ரிப்பப்ளிக், என்வோய் போன்ற பிரதேச விமானசேவைகளிடம் அவற்றை ஒப்படைக்கின்றன. விமானத்தின் வெளியே தீட்டப்பட்டிருப்பது பெருநிறுவனத்தின் நிறமும் பெயரும். பயணச்சீட்டு விற்பதும் பெருநிறுவனமே. உள்ளே அமர்ந்து செலுத்தும் விமானியோ வேறொரு முதலாளியின் ஊழியர். இத்தனை பறப்புக்கு இவ்வளவு பணம் என்று இரு நிறுவனங்களுக்குமிடையே ஒப்பந்தம் உண்டு. பிரதேச சேவைகள் எத்துணைப் பெரிய விமானத்தைச் செலுத்தலாம் என்பதற்கும், பெருநிறுவன விமானிகளின் தொழிற்சங்க உடன்படிக்கைகள் எல்லை வகுத்துள்ளன. 76 இருக்கைகள் என்பதே பெரும்பாலும் அவ்வெல்லை. இதனால் விளைவது யாதெனின், பிரதேச சேவையின் வாழ்வு அதன் கையில் இல்லை. பெருநிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பியாது விடின் அது மடியும். 2020 ஏப்பிரிலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கொம்பஸ் ஆகிய இரண்டும் மூடப்பட்டன. எக்ஸ்பிரஸ்ஜெட் அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியோடு யுனைடெட்டுக்கான பறப்பை இழந்தது. அந்நிறுவனங்களின் விமானிகள் திறமையிற் குறைந்தோர் என்று எவருங் கூறார். இங்கிலாந்திலும் ஃபிளைபி என்ற பெரிய பிரதேச சேவை 2020 மார்ச்சு 5 ஆந் திகதி வீழ்ந்தது. மீண்டும் எழுந்து, 2023 சனவரியில் மறுபடியும் வீழ்ந்தது.

இனிச் சேவைமூப்பு என்பதை நோக்குவோம். மற்றைய தொழில்களில் ஒருவன் பத்தாண்டு பழகிய பின் வேறிடஞ் சென்றால், அவனது அனுபவத்திற்கேற்ற பதவியுஞ் சம்பளமும் அங்கே கிடைக்கும். வைத்தியர் வைத்தியசாலை மாறினும் வைத்திய நிபுணராகவே மாறுவார். விமானிக்கு அவ்வாறன்று. எந்நாளிற் சேர்ந்தாரோ அந்நாளே அவருடைய எண்ணை வகுக்கும். எவ்வூரைத் தளமாகக் கொண்டு பணிபுரிவது, எந்நாளில் விடுமுறை பெறுவது, எவ்வகை விமானத்தைச் செலுத்துவது, எப்பொழுது துணை விமானி தலைமை விமானியாவது, ஆட்குறைப்பு வரின் யார் முதலில் வெளியேறுவது என்ற அனைத்தையும் அவ்வெண்ணே தீர்மானிக்கும். நிறுவனம் மாறும் விமானி, தலை நரைத்தவராயினும், புதிய பட்டியலின் அடியிலே தம் பெயரை எழுதுவிக்க வேண்டியவரே. எனவே, பிரதேச சேவையில் ஈராண்டு தாமதித்தவனும் பெருநிறுவனம் மாறிய ஈராண்டில் அந்நிறுவனம் மூடப்பட்டவனும், இழந்த ஈராண்டைத் திறமையினால் மீட்க இயலாது.

இதனை அறிந்தோர் பலர் பிரதேச சேவையை ஏணிப்படியாகவே கருதுகின்றனர். அங்கே சிறிது காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, பறப்பு மணிகளைச் சேர்த்துக்கொண்டு, பெருநிறுவனத்துக்கு ஏறிவிடலாம் என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்குச் சில காலத்துப் பொருந்தியது. பல காலத்துப் பொருந்தவில்லை. 2001 செப்டெம்பர் தாக்குதலின் பின் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் விமானிகளை ஆயிரக்கணக்கில் வெளியேற்றின. அவர்கள் மீண்டும் அழைக்கப்படத் தொடங்கிய வேளையில், 2007 டிசம்பரிலே விமானிகளின் ஓய்வு வயது 60 இலிருந்து 65 ஆக உயர்த்தப்பட்டது. மேலிருந்தோர் இறங்கவில்லை, கீழிருந்தோர் ஏறவில்லை. அடுத்து 2008 இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. மூன்று நான்கு ஆண்டிற் கடந்துவிடலாம் என நம்பிப் புகுந்தோர் பலர் பத்தாண்டுக்கு மேலும் அப்படியிலேயே நின்றனர். இதற்கு மாறாக, 2021 இன் பின் பெருநிறுவனங்கள் விமானிகளை வாரியெடுத்தன. புகுந்த ஈராண்டு மூவாண்டிலேயே மேலேறியோர் பலர். 2024 இல் அவ்வேகந் தணிந்தது. இவ்வேற்றத் தாழ்வுகளுக்கு விமானியின் திறமையோ உழைப்போ காரணமன்று. எந்த ஆண்டிற் பிறந்தான், எந்த ஆண்டிற் பயிற்சி முடித்தான் என்பதே காரணம். தன் கையில் இல்லாத ஒன்றின்மேல் வாழ்வைக் கட்டுவோன், அஃதில்லாதபோதும் நிற்கக்கூடிய அத்திவாரம் தேடுதல் வேண்டும்.

நிற்க. பணக் கணக்கையுஞ் சிறிது நோக்குவோம். அமெரிக்காவில் ஒன்றும் அறியாத நிலையிலிருந்து தொழில்முறை விமானியாதற்கு ஓரிலட்சம் டொலரளவிற் செலவாகும். அதனை நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடனாகப் பெற்றுப் பத்தாண்டிற் கட்டுவதாயின், மாதந்தோறும் 1,300 டொலருக்கு மேற் செலுத்த வேண்டும். விமானிக்குச் சம்பளம் பறப்பு மணிக்கே கணக்கிடப்படும். விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்கியது முதல், சென்ற இடத்திலே தரித்து நிற்கும் வரை உள்ள நேரமே பொதுவாக மணிக்கணக்கிற் சேரும். நிலையத்திற் காத்திருக்கும் நேரமும் விமானத்தை ஆயத்தஞ் செய்யும் நேரமும் பெரும்பாலும் அதிற் சேரா. மாதத்துக்கு 75 மணியளவு உறுதியளிக்கப்படும் எனக் கொள்வோம். 2010 ஆம் ஆண்டை அடுத்த காலத்திற் பிரதேச சேவையிற் புதிதாய்ச் சேர்ந்த துணை விமானி ஆண்டுக்கு 20,000 முதல் 25,000 டொலர் வரையே பெற்றார். மாதத்துக்கு ஏறக்குறைய 1,900 டொலர். கடன் கட்டிய பின் எஞ்சியது அறுநூறு டொலர். வரியும் வாடகையும் உணவும் அதிலேதான். 2022 ஆம் ஆண்டு யூனில் அமெரிக்கன் நிறுவனத்துக்குச் சொந்தமான என்வோய், பீட்மொண்ட், பி.எஸ்.ஏ. ஆகிய மூன்று பிரதேச சேவைகளும் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர் வழங்க முன்வந்தன. அதே 75 மணிக் கணக்கின்படி அது மாதத்துக்கு 6,750 டொலர். ஒரே தொழில், ஒரே ஆசனம், ஒரே விமானம். பன்னிரண்டு ஆண்டிற் சம்பளம் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. விமானிகளுக்குப் பஞ்சம் வந்தமையே அதன் காரணம். பஞ்சந் தீர்ந்தாற் சம்பளம் குறையும் என்று நாம் சோதிடங் கூறவில்லை. ஆயினும், உயர்ந்த காலத்துச் சம்பளத்தை நம்பித் தாழ்ந்த காலத்திலும் மாறாத கடனைத் தலையில் ஏற்றல் அறிவுடைமையாகாது என்கின்றோம்.

இனி நாம் சொல்ல வந்த பொருளின் உள்ளத்துக்கு வருவோம். கடனும் களைப்பும் விமானியின் தனித் துன்பங்கள் மட்டுமல்ல. அவனை நம்பிப் பின்னே அமர்ந்திருப்போரின் உயிரோடும் தொடர்புடையவை. 2009 பெப்ரவரி 12 ஆந் திகதி இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கொல்கன் எயர் என்னும் பிரதேச சேவையின் விமானம் தரையிறங்குமுன் வீழ்ந்தது. அதிலிருந்த 49 பேரும், தரையில் ஒரு வீட்டிலிருந்த ஒருவருமாக 50 பேர் மாண்டனர். விமானத்தின் வேகம் குறைந்தபோது செலுத்துகோல் நடுங்கி எச்சரித்தது. அவ்வேளையிற் கோலை முன்தள்ளி வேகம் பெறவேண்டிய தலைமை விமானி அதனைப் பின்னுக்கு இழுத்தார். விமானம் தூக்குவிசையை இழந்து வீழ்ந்தது. இதுவே விசாரணைச் சபை கண்ட காரணம்.

ஆயினும் அவ்விசாரணையில் வெளிவந்த வேறு செய்திகளே நாட்டை உலுக்கின. துணை விமானி நாட்டின் மேற்குக் கரையிலுள்ள சியற்றிலிலிருந்து இரவு முழுவதும் வேறு விமானங்களிற் பயணஞ் செய்து தம் பணித்தளமாகிய நியூவார்க்கை அடைந்திருந்தார். தலைமை விமானியின் இல்லமோ தென்கோடியிலுள்ள புளோரிடாவில். அவர் விமானிகள் காத்திருக்கும் அறையிலே துயின்றார். துணை விமானிக்குத் தடிமனும் இருந்தது. வீட்டிலிருக்கும்போதே இவ்வாறிருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்றும், நாளை நோயறிவித்தாலும் அப்போது நிறுவனத்தின் செலவில் விடுதியிலாவது இருப்பேன் என்றும் அவர் பேசிய கருத்து விமானத்தின் ஒலிப்பதிவிலே உண்டு. களைப்பு அவ்விபத்துக்கு எவ்வளவு காரணமாயிற்று என்று அளவிட இயலாதெனச் சபை கூறிற்று. நாமும் அதற்கு மேற் கூறல் தகாது. ஆயினும், நோயுற்ற ஓர் இளம் விமானி, இன்று பறப்பதா நாளை ஓய்வதா என எண்ணும்போது விடுதிச் செலவையும் எண்ணினார் என்பது சிந்தித்தற்குரியது.

அவ்விபத்தின் பயனாக அமெரிக்கப் பாராளுமன்றம் 2010 இற் சட்டமியற்றியது. 2013 ஆகஸ்டு முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிப் பறப்பு அனுபவம் வேண்டும் என்றாயிற்று. படைவிமானிகளுக்கும் குறித்த பல்கலைக்கழகப் பயிற்சி பெற்றோர்க்கும் குறைந்த மணிகள் போதும். 2014 சனவரி முதல், பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வும், அதனுள் எட்டு மணி தடையின்றித் துயிலும் வாய்ப்பும் விதியாயின. நல்ல விதிகளே. ஆனால் தொலைவிலுள்ள வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணத்தை எவ்விதியும் ஓய்வினின்று முற்றாகப் பிரித்துவிடவில்லை. அங்கே தன்னைத் தான் காத்தல் விமானியின் பொறுப்பே.

விமானியின் தொழிற்றிறம் எதில் உள்ளது? விமானத்தைத் தூக்குவதிலும் இறக்குவதிலும் உள்ளது என்பர் வெளியார். அதனைப் பயிற்சி எவர்க்குந் தரும். அதனினும் அரியது, இன்று நான் பறக்கமாட்டேன் என்று சொல்லுந் துணிவு. புயல் வழியை மறிக்கிறது, ஆதலின் திரும்புவேன். கருவியொன்று பழுது, ஆதலின் புறப்படேன். எனக்குக் காய்ச்சல், ஆதலின் வாரேன். தலைமை விமானி தவறுகிறார், ஆதலின் வாய்திறப்பேன் என்று சொல்லுதலே அத்தொழிலின் உயிர்நிலை. விமானத்தின் பாதுகாப்பிற்குரிய முடிபான அதிகாரம் தலைமை விமானியதே எனச் சர்வதேச விதி வகுத்திருப்பதும் இதுபற்றியே. அவ்வதிகாரம் ஏட்டில் உள்ளது. அதனைப் பயன்படுத்தும் நாவோ மனிதனுடையது. அடுத்த மாதக் கடனுக்கு வழியறியாதவனின் நா எளிதில் எழுவதில்லை. பிறந்த மண்ணின் தோட்டக்காணி ஈட்டில் இருக்கிறதென்ற நினைவோடு முன்னறையில் அமர்ந்திருப்பவன், தன் பெயர் மேலதிகாரியின் முகக்கோணலுக்கு ஆளாகுமோ என்று அஞ்சுவான். அச்சம் விமானியறையில் அமர்ந்த மூன்றாவது ஆள். அவனுக்குப் பறப்பு அறிவு கிடையாது.

ஆதலால், பிரதேச விமானசேவையிற் சேர்வதா என்ற வினாவிற்கு எமது விடை இது. ஏணிப்படி என்று எண்ணி மட்டும் அங்கே செல்லற்க. இதற்கு மேல் ஏறவே முடியாது போயினும் இங்கேயே தலைமை விமானியாகி, நிறைவோடு ஓய்வு பெறுவேன் என்று உளமார எண்ணக்கூடியவனே அங்கே செல்க. செல்வோனும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கடனுக்கு ஈடுவையாது செல்க.

இவ்வாறு கூறுதல் பிரதேச சேவையைத் தாழ்த்துதலன்று; உயர்த்துதலேயாம். ஒரு தொழிலைப் படியென்று மிதிப்போன் அதனை மதிப்பதில்லை. பிரதேச விமானியின் பணி பல வகையிற் பெருவிமானத்தினதினும் கடியது. பெருவிமானத்தின் விமானி சமுத்திரத்தைக் கடந்து ஒரு முறை இறங்குவார். இவரோ ஒரு நாளில் நான்கு ஐந்து முறை எழுந்து இறங்குவார். சிறிய ஓடுபாதைகளும், முகிலும் மழையும் நிறைந்த தாழ்ந்த உயரங்களும் இவருக்கு நாள்தோறும் எதிர்ப்படும். கையினாற் பறக்கும் கலையை இவர் மறக்க நேரமில்லை. கவனக் குறைவின் விலையும் இங்கே பெரிது. 2023 சனவரி 15 ஆந் திகதி நேபாளத்தின் பொக்காராவில் ஏ.ரி.ஆர். 72 விமானமொன்று வீழ்ந்து 72 பேர் இறந்தனர். இறங்குமுன் சிறகுமடலை நீட்டுங் கோலுக்குப் பதிலாக இரு சுழல்விசிறிகளின் வலியையும் நீக்குங் கோல்கள் நகர்த்தப்பட்டமையே காரணம் என விசாரணை கண்டது. அரை மணிக்குங் குறைந்த பறப்பாயினும் அதற்கு வேண்டும் விழிப்புச் சமுத்திரங் கடக்கும் பறப்புக்கு வேண்டும் விழிப்பிற் குறைந்ததன்று.

அப்பணியாற் பயனடைவோர் யாரென்றும் நோக்குக. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் நிறுவனம், விமானிகள் போதாமையால் 29 சிறு நகரங்களின் சேவையை நிறுத்தவுள்ளதாக அறிவித்தது. பெருநகரங்களில் ஒரு விமானம் குறைந்தால் மற்றொன்றுண்டு. சிற்றூரில் அவ்வொன்றே உண்டு. யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சென்னைக்குச் செல்ல முன்பு கொழும்புக்கு இரவெல்லாம் பயணஞ் செய்த நோயாளியும் முதியவரும், பலாலியிற் சிறு விமானம் இறங்கத் தொடங்கிய பின் அடைந்த ஆறுதலை நாம் அறிவோம். அவ்விமானத்தை ஓட்டியவர், அதனைப் பெருவிமானத்துக்கு ஏறும் படியென்று மட்டும் எண்ணியிருப்பாராயின், எமக்கு அவர் செய்த உதவியைத் தாமே அறியாதவராவார்.

எமது கூற்றுக்கு மறுப்புரைப்போர் உளர். துணிவில்லாதவன் எதனையும் சாதியான், கடன்படாமல் யார் படித்தார் என்பர் ஒரு சாரார். வைத்தியரும் பொறியியலாளரும் கடன்பட்டும் கற்றதுண்டு; உண்மையே. ஆனால் வைத்தியரின் கண்பார்வை சிறிது மங்கினும், இருதயத் துடிப்பு ஒருமுறை பிறழினும், அவர் பட்டம் பறிபோகாது. விமானியோ ஆண்டுதோறும் வைத்தியச் சோதனைக்கு உட்பட்டவர். அறுபது வயதுக்குப் பின் ஆறு மாதத்துக்கொரு முறை. ஒரு சோதனையில் தவறினால் அன்றே தொழில் நின்றுவிடும்; கடன் மட்டும் நில்லாது. வைத்தியர் ஒரு நாட்டில் இடம் பெறாவிடின் மற்றொரு மருத்துவமனையை நாடலாம். விமானியின் உரிமச்சான்று ஒரு நாட்டில் வழங்கப்பட்டது மற்றொரு நாட்டிற் தானே செல்லாது. மாற்றுப் பரீட்சைகள் வேண்டும். அதனோடு அந்நாட்டில் வேலைசெய்யும் உரிமையும் வேண்டும். இலங்கையிற் பயிற்சி பெறும் மாணவன், அமெரிக்காவில் விமானிகளுக்குப் பஞ்சம் என்ற செய்தியை நம்பிக் கடன்படுவானாயின், தனக்கில்லாத விருந்துக்கு இலை போட்டவனாவான்.

மற்றொரு சாரார், விமானியென்ற பேச்சே வேண்டாம், பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்று அரசாங்க உத்தியோகம் பெறுக என்பர். இவர்களோடும் நாம் உடன்படோம். ஆசையை அடக்கிக் கற்ற கல்வி பாதியே பயன்தரும். பிள்ளைக்கு இயல்பாயமைந்த திறமையைத் தாய்தந்தையர் தம் அச்சத்தால் மறித்தல் அன்பாகாது. இருபாலாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். தொழிலை நோக்காது அதன் பெயரை நோக்குகின்றனர். ஒருவர் பெயரில் மயங்குகின்றார். மற்றவர் பெயருக்கு அஞ்சுகின்றார்.

எனவே மயங்காமலும் அஞ்சாமலும், மாணவன் தன் பெற்றோரோடு அமர்ந்து விடைகாண வேண்டிய வினாக்கள் நான்கு உண்டு.

முதலாவது, வாழ்நாள் முழுவதும் சிறு விமானமே கிடைப்பினும் மகிழ்வாயா? இல்லையென்பது விடையாயின் அது குற்றமன்று. ஆனால் நீ விரும்புவது பறத்தலை அன்று, பெருவிமானத்தின் பெருமையை என்று அறிந்துகொள்.

இரண்டாவது, நாளைக் காலை உன் நிறுவனம் மூடப்பட்டது என்ற செய்தி வரின், எத்தனை மாதம் உன் குடும்பம் உண்ணவும் கடன் கட்டவும் இயலும்? ஓராண்டுக்கேனும் விடை இல்லையாயின் கடனைக் குறை. அல்லது காலத்தைத் தாழ்த்து. வேறொரு வேலை செய்து சிறிது சேர்த்தபின் பயிற்சி தொடங்கியோர் உலகெங்கும் உளர். இரண்டாண்டு தாழ்ந்தால் சேவைமூப்பு குறையும் என்பர். அது மெய்யே. சேவைமூப்பிற் குறைந்தவன் மெல்ல ஏறுவான். கடனில் மூழ்கியவன் அஞ்சியஞ்சிப் பறப்பான். இரண்டில் எது பெரிய இழப்பு என்பதை நாம் மேலே கூறினோம்.

மூன்றாவது, பறப்பிற்கு முந்திய இரவு எங்கே துயில்வாய்? பணித்தளத்தின் அருகில் வாழ இயலுமாயின் சேர். கூடவே எந்நாட்டில், எந்நகரில், எச்சம்பளத்தில் என்பதையும் எழுத்தில் அறி. பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்று, இத்தனை ஆண்டு பணிசெய்ய வேண்டும் எனப் பிணைப்பத்திரம் கேட்குமாயின், அதனை வாசித்தறிந்த ஒருவரிடம் காட்டாது ஒப்பமிடாதே.

நான்காவது, வைத்தியச் சோதனையில் தவறினால் வேறென்ன செய்வாய்? கணக்கியலோ, பொறியியலோ, ஆசிரியத் தொழிலோ, விமான இயந்திரவியலோ ஏதேனும் ஒன்றைத் துணையாகக் கற்றுக்கொள். அது விமானத்தொழிலில் நம்பிக்கையின்மையாகாது. இரண்டு இயந்திரமுள்ள விமானத்தையே மக்கள் ஏறத் துணிகின்றனர். ஒன்று நின்றால் மற்றொன்று இறக்கும் என்பதே அத்துணிவின் காரணம்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் பயிற்சிக்கு வீட்டையும் காணியையும் ஈடு வைத்தல் எம்மிடையே பெருந்தியாகமாகப் போற்றப்படுகிறது. போற்றத்தக்கதே. ஆயினும், அத்தியாகம் பிள்ளையின் தோளில் ஒரு சுமையாயிருந்து, அவன் வாய்திறக்க வேண்டிய நேரத்தில் வாயை அடைக்குமாயின், அது அவனுக்குச் செய்த நன்மையாகாது. அவன் பின்னே அமர்ந்திருக்கும் எழுபது பேர்க்கும் செய்த நன்மையாகாது. கொடுக்க இயன்றதைக் கொடுங்கள். இயலாததைக் கொடுத்து, உன்னால் இந்த வீடு போயிற்று என்று சொல்லாமற் சொல்லும் நாளை வருவிக்காதீர்கள்.

பழைய மாணவர் சங்கமும் இதிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விமானத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்களை ஆண்டுக்கு ஒரு நாள் உயர்தர வகுப்பு மாணவரோடு பேசச்செய்தல் வேண்டும். வெற்றி பெற்றோரை மட்டுமன்று. ஆட்குறைப்பில் வீட்டிலிருந்தோரையும், சோதனையில் தவறி வேறு தொழில் தேடியோரையும் அழைத்தல் வேண்டும். சீருடையின் பொற்கோடுகளை மாணவர் எங்கும் காணலாம். அவற்றின் விலையைச் சொல்வோரை இங்கே காணட்டும்.

ஆராய்ந்து பார்த்த பின்னும் ஒரு மாணவன், சிறு விமானமே போதும், அதிலே நான் நிறைவு காண்பேன், எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும் என்று உறுதி கூறுவானாயின், அவனை எவரும் தடுத்தல் வேண்டா. அத்தகையோன் ஓட்டும் விமானத்தில் நாம் அச்சமின்றி ஏறுவோம். அவன் பெருநிறுவனத்துக்கு ஏறினும் நன்று. ஏறாது சிறிய ஓடுபாதைகளிலே முதுமை எய்தினும் நன்று.